அர்சோடியாக்சிகோலிக் அமிலம்: பித்தநீரின் மென்மையான மூலக்கூறும் அதன் மருத்துவ எல்லைகளும்

மனிதக் கல்லீரல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 முதல் 1000 மில்லிலிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கசப்பும் பொன்மஞ்சள் நிறமும் கொண்ட அந்நீரில் பெரும்பங்கு தண்ணீரே என்றாலும், எஞ்சிய சிறு பங்கில் அடங்கியுள்ள பித்த அமிலங்கள், லெசித்தின் போன்ற பாஸ்போகொழுப்புகள், கொலஸ்ட்ரால், பிலிருபின் என்னும் நிறமி ஆகியவையே அதன் பணியைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் பித்த அமிலங்கள் இரண்டு முகம் உடையவை. உணவிலுள்ள கொழுப்பைக் கரைத்து உடலில் சேரச் செய்பவை அவையே. அளவு மிகுந்தாலோ வெளியேறும் வழி அடைபட்டாலோ, தம்மை உருவாக்கிய கல்லீரல் செல்களின் கொழுப்புச் சவ்வையே கரைத்து அழிப்பவையும் அவையே. இந்த அமிலங்களுள் மிகச் சிறுபான்மையாக, மனிதப் பித்தநீரில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே காணப்படும் அர்சோடியாக்சிகோலிக் அமிலம், மற்ற அமிலங்களின் கடுமை இல்லாதது என்பதாலேயே மருந்தாக உயர்ந்தது. மருத்துவர்கள் சுருக்கமாக ‘அர்சோ’ என்று குறிப்பிடும் இம்மூலக்கூறு உடலில் தோன்றும் முறை, அது செயற்படும் விதம், எந்த நோய்களில் அது பயன்பட்டது, எங்கெங்கே தோற்றது என்பனவற்றை ஒருசேர நோக்கினால், மருந்து ஒன்றின் தகுதியை அளந்தறிவது எப்படி என்பதும் தெளிவாகும்.

பித்த அமிலங்களின் தோற்றமும் சுழற்சியும்

கல்லீரல் செல்கள் கொலஸ்ட்ராலை மூலப்பொருளாகக் கொண்டு பித்த அமிலங்களை உருவாக்குகின்றன. 27 கார்பன் அணுக்கள் கொண்ட கொலஸ்ட்ராலின் ஏழாம் கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை, அதாவது ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் இணைந்து நீரோடு எளிதில் ஒட்டும் இயல்புடைய சிறு கூறினை, நொதி ஒன்று சேர்ப்பதே இவ்வாக்கத்தின் முக்கியப் பாதையின் முதற்படியாகும். பின்னர் மூலக்கூறின் வால்பகுதியிலிருந்து மூன்று கார்பன்கள் நீக்கப்பட, 24 கார்பன்கள் கொண்ட அமிலம் உருவாகிறது. இவ்வாறு கல்லீரலிலேயே பிறக்கும் கோலிக் அமிலமும் கீனோடியாக்சிகோலிக் அமிலமும் முதல்நிலைப் பித்த அமிலங்கள் எனப்படும். இவை கிளைசின் அல்லது டாரின் என்னும் அமினோ அமிலத்தோடு பிணைக்கப்பட்ட பிறகே பித்தநீரில் சேர்கின்றன. இப்பிணைப்பினால் நீரில் கரையும் திறன் கூடுவதோடு, சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடாமல் செரிமானம் முடியும்வரை குடலுக்குள் தங்கி வேலை செய்யவும் முடிகிறது.

உடலில் எந்நேரமும் இருக்கும் பித்த அமிலங்களின் மொத்த இருப்பு 2 முதல் 4 கிராம் வரைதான். இச்சிறு இருப்பைக் கொண்டே அன்றாட உணவின் கொழுப்பு முழுவதும் கையாளப்படுவதற்குக் காரணம், அதே அமிலங்கள் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படுவதே. சிறுகுடலின் கடைப்பகுதியில் ஏறத்தாழ 95 விழுக்காடு பித்த அமிலங்கள் மீட்கப்பட்டு, குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் சிரை வழியாகத் திரும்பி, மறுபடியும் பித்தநீரில் கலக்கின்றன. நாளொன்றுக்கு ஆறு முதல் பத்து முறை வரை நிகழும் இச்சுற்றில் மலத்தோடு வெளியேறுவது அரை கிராம் அளவே. அந்த இழப்பைக் கல்லீரல் புதிதாகச் சுரந்து ஈடுசெய்கிறது. கொலஸ்ட்ராலை உடலிலிருந்து வெளியேற்றும் முக்கிய வழிகளுள் இதுவும் ஒன்று.

மீட்கப்படாமல் பெருங்குடலை அடையும் பங்கு, அங்கு வாழும் பாக்டீரியாக்களின் கைக்குள் வருகிறது. அவை கோலிக் அமிலத்தின் ஏழாம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கி டியாக்சிகோலிக் அமிலமாகவும், கீனோடியாக்சிகோலிக் அமிலத்திலிருந்து அதே தொகுதியை நீக்கி லித்தோகோலிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. இவை இரண்டாம்நிலைப் பித்த அமிலங்கள். நீரோடு ஒட்டும் கூறு குறைந்துவிட்டதால் செல்களுக்கு அதிகத் தீங்கு விளைவிப்பவை, அவற்றுள்ளும் லித்தோகோலிக் அமிலம் மிகக் கடுமையானது. எனினும் வேறு சில பாக்டீரியாக்கள் கீனோடியாக்சிகோலிக் அமிலத்தின் ஏழாம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சிலை முதலில் கீட்டோ தொகுதியாக ஆக்சிஜனேற்றம் செய்து, பிறகு அதை எதிர்த்திசையில் மீண்டும் ஹைட்ராக்சிலாக மாற்றிவிடுகின்றன. அவ்வாறு பிறப்பதுதான் அர்சோடியாக்சிகோலிக் அமிலம். மனித உடலில் அதன் இருப்பு பெரும்பாலும் குடல் நுண்ணுயிர்களின் கொடை எனலாம்.

ஒரு தொகுதியின் திசை செய்யும் வேறுபாடு

கீனோடியாக்சிகோலிக் அமிலத்துக்கும் அர்சோ அமிலத்துக்கும் அணுக்களின் எண்ணிக்கையில் வேறுபாடே இல்லை. மூன்றாம் கார்பனிலும் ஏழாம் கார்பனிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருப்பதும் இரண்டிலும் ஒன்றே. ஏழாம் கார்பனிலுள்ள தொகுதி எப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு. நான்கு வளையங்கள் ஒட்டிய தகடு போன்ற இம்மூலக்கூறின் ஒரு பக்கத்தை ஆல்பா என்றும் மறுபக்கத்தை பீட்டா என்றும் வேதியியலாளர் குறிப்பர். கீனோடியாக்சிகோலிக் அமிலத்தில் இரு ஹைட்ராக்சில்களும் ஆல்பா பக்கத்திலேயே அமைந்திருப்பதால், பீட்டா பக்கம் முழுவதும் நீரை விலக்கிக் கொழுப்போடு ஒட்டும் பரப்பாக எஞ்சுகிறது. ஒரு பக்கம் நீரையும் மறுபக்கம் எண்ணெயையும் பற்றும் இந்த அமைப்பே, சோப்பு எண்ணெய்ப் பிசுக்கை நீரில் கரைப்பதைப் போலக் கொழுப்பைக் கரைக்கும் ஆற்றலை அதற்கு அளிக்கிறது. அர்சோ அமிலத்திலோ ஏழாம் கார்பனின் ஹைட்ராக்சில் பீட்டா பக்கம் திரும்பியிருப்பதால், கொழுப்போடு ஒட்டும் பரப்பு இடையில் முறிபடுகிறது. கொழுப்பைக் கரைக்கும் வேகம் அதற்கேற்பக் குறைகிறது. செல் சவ்வைச் சிதைக்கும் ஆற்றலும் கூடவே குறைகிறது.

பித்த அமிலங்கள் கொழுப்பைக் கரைப்பதோடு நின்றுவிடுவதில்லை என்பது 1990களின் இறுதியில் தெளிவாயிற்று. செல்லின் உட்கருவிலுள்ள எஃப்.எக்ஸ்.ஆர். என்னும் ஏற்பி, அதாவது குறிப்பிட்ட மூலக்கூறு வந்து பொருந்தும்போது மரபணுக்களை இயக்கவோ நிறுத்தவோ செய்யும் புரதம், பித்த அமிலங்களாலேயே தூண்டப்படுகிறது என 1999ஆம் ஆண்டில் ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே நிறுவின. பித்த அமிலம் மிகுந்தால் அதன் உற்பத்தியைக் குறைக்கும்படி கல்லீரலுக்கு ஆணையிடுவது இந்த ஏற்பியின் முக்கியப் பணி. கீனோடியாக்சிகோலிக் அமிலம் இதனை வலுவாகத் தூண்டும். அர்சோ அமிலம் தூண்டுவதில்லை. எனவே அர்சோவின் நற்பயனுக்கு வேறு காரணங்களைத் தேட வேண்டியதாயிற்று.

கரடியின் பித்தப்பையிலிருந்து ஆய்வகத்துக்கு

மனிதரில் சிறுபான்மையாக உள்ள இவ்வமிலம் சில கரடி இனங்களின் பித்தநீரில் பெரும் பங்காகவே காணப்படுகிறது. கரடியின் உலர்ந்த பித்தப்பை சீன மரபு மருத்துவத்தில் இடம்பெற்றதற்கு, தாங் அரசமரபுக் காலத்தில் 659ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட மருந்துநூல் சான்றாகக் காட்டப்படுகிறது. அங்கிருந்து கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் அவ்வழக்கம் பரவிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டு உடலியல் வேதியியலாளர் ஓலோஃப் ஹம்மார்ஸ்டென் துருவக் கரடியின் பித்தநீரில் அதுவரை அறியப்படாத அமிலம் ஒன்றைக் கண்டார். 1927இல் ஜப்பானின் ஒகாயாமாவில் ஷோடா என்பவர் கரடிப் பித்தத்திலிருந்து அதனைப் படிகமாகப் பிரித்தெடுத்து, கரடியைக் குறிக்கும் லத்தீன் சொல்லை ஒட்டிப் பெயரிட்டார். 1936இல் அதன் அமைப்பு தெளிவாயிற்று; 1950களில் ஜப்பானிய வேதியியலாளர் அதை ஆய்வகத்தில் ஆக்கும் வழியைக் கண்டனர்; 1957இல் டோக்கியோ தனாபே நிறுவனம் அதை மருந்தாக விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இந்தத் தயாரிப்பு முறைக்குக் கரடியே தேவையில்லை. இறைச்சிக்கூடங்களில் கிடைக்கும் மாட்டுப் பித்தத்திலிருந்து கோலிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, பன்னிரண்டாம் கார்பனிலுள்ள ஹைட்ராக்சிலை நீக்கி, ஏழாம் கார்பனிலுள்ளதைத் திசைமாற்றினால் அர்சோ அமிலம் கிடைத்துவிடும். இவ்வளவு எளிய மாற்று இருந்தும், 1980களில் கிழக்காசியாவில் கரடிகளைக் கூண்டில் அடைத்து, உயிருடனேயே வயிற்றில் துளையிட்டுப் பித்தம் எடுக்கும் பண்ணைகள் பெருகின. ஆசியக் கருங்கரடியின் பன்னாட்டு வணிகம் 1979 முதல் உடன்படிக்கையால் தடைசெய்யப்பட்டிருந்தும் கள்ளச்சந்தை ஓயவில்லை. பித்தப்பைக்காக இந்தியக் காடுகளிலும் கரடிகள் வேட்டையாடப்பட்டுள்ளன. அண்மையில் தென் கொரியா இப்பண்ணைகளுக்கு முடிவுகட்டும் சட்டத்தை இயற்றியுள்ளது. மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரையிலுள்ள அமிலமும் கரடிப் பித்தத்திலுள்ள அமிலமும் ஒரே மூலக்கூறு என்பதால், அக்கொடுமைக்கு மருத்துவ நியாயம் ஏதும் இல்லை.

பித்தக்கல் கரைந்த கதை

நவீன மருத்துவத்தில் இவ்வமிலத்துக்குக் கிடைத்த முதல் பெரும் பயன் பித்தக்கல்லைக் கரைப்பதாகும். கொலஸ்ட்ரால் நீரில் கரையாது. பித்த அமிலங்களும் லெசித்தினும் சேர்ந்துதான் அதைப் பித்தநீரில் தாங்கிநிற்கின்றன. அவை தாங்கக்கூடிய அளவைக் கொலஸ்ட்ரால் மீறினால், மிகுந்தது படிகமாகிப் பித்தப்பையில் கல்லாக வளரும். கீனோடியாக்சிகோலிக் அமிலத்தை வாய்வழி கொடுத்தால் இக்கற்கள் கரைகின்றன என 1972இல் அமெரிக்க மருத்துவர்கள் அறிவித்தபோது, கத்தியின்றித் தீர்வு கிடைத்துவிட்டதாக நம்பிக்கை எழுந்தது. ஆனால் 916 நோயாளிகளைக் கொண்டு அங்கு நடத்தப்பட்டு 1981இல் வெளியான பெரும் ஆய்வில், நாளுக்கு 750 மில்லிகிராம் வீதம் இரண்டு ஆண்டுகள் உட்கொண்டவர்களில் 13.5 விழுக்காட்டினருக்கே கற்கள் முற்றிலும் கரைந்தன. வயிற்றுப்போக்கும் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகளும் பலருக்குத் தோன்றின.

இதற்கிடையே 1975இல் ஜப்பானிய மருத்துவர்கள் அர்சோ அமிலமும் கற்களைக் கரைப்பதை அறிவித்திருந்தனர். கல்லீரல் பித்தநீரில் விடும் கொலஸ்ட்ராலின் அளவையும் குடல் உறிஞ்சும் கொலஸ்ட்ராலின் அளவையும் அது குறைத்தது. முன்னதைப்போல வயிற்றுப்போக்கையோ கல்லீரல் பாதிப்பையோ அது பெரிதும் உண்டாக்கவில்லை. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1987இன் இறுதியில் பித்தக்கல்லுக்கு அதனை அனுமதித்தது. எனினும் சுண்ணாம்பு படியாத சிறிய கொலஸ்ட்ரால் கற்களுக்கும், சுருங்கி விரியும் ஆற்றல் குன்றாத பித்தப்பைக்கும் மட்டுமே அது பயன்பட்டது. மாதக்கணக்கில் உட்கொள்ள வேண்டியிருந்தது. நிறுத்திய சில ஆண்டுகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் கற்கள் மீண்டும் தோன்றின. 1985இல் ஜெர்மனியின் எரிக் மூயேயும் 1987இல் பிரான்சின் ஃபிலிப் மூரேயும் தொடங்கிவைத்த நுண்துளை அறுவை முறை பரவிய பிறகு, பித்தக்கல்லுக்கு இம்மருந்தின் தேவை சுருங்கியது. உடல் எடையை விரைவாகக் குறைப்போருக்கும், எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டோருக்கும் கல் உருவாகாமல் தடுக்க அது இன்றும் கொடுக்கப்படுகிறது.

உண்மையான களம்: பித்தத்தேக்கம்

பித்தக்கல்லுக்காக இம்மருந்தை உட்கொண்ட கல்லீரல் நோயாளிகளின் இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகளின் அளவு எதிர்பாராமல் இறங்கியதை 1980களில் ஐரோப்பிய மருத்துவர்கள் கவனித்தனர். பித்தநீர் வெளியேறாமல் கல்லீரலிலேயே தேங்கும் நோய்களில் அதன் கடுமையான அமிலங்களே செல்களை அழிக்கின்றன என்றால், அவற்றின் இடத்தில் ஒரு மென்மையான அமிலத்தை நிரப்பினால் அழிவு குறையுமல்லவா என்ற கேள்வி இதிலிருந்து பிறந்தது. அதைச் சோதிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட நோய், அப்போது முதன்மைப் பித்தநாளச் சிரோசிஸ் என்றும் 2015 முதல் முதன்மைப் பித்தநாள அழற்சி என்றும் அழைக்கப்படுவது. உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு கல்லீரலுக்குள் உள்ள நுண்ணிய பித்தநாளங்களைத் தானே தாக்குவதால் உண்டாகும் இந்நோய், பெரும்பாலும் நடுத்தர வயதுப் பெண்களைப் பீடிக்கிறது. தீராத அரிப்பும் களைப்புமாகத் தொடங்கி, கவனிக்காமல் விட்டால் பல ஆண்டுகளில் கல்லீரல் இறுகிச் செயலிழக்கும் நிலைக்குக் கொண்டுசெல்லும்.

பாரிசில் ரவுல் பூப்போனும் அவருடைய குழுவினரும் 15 நோயாளிகளிடம் கண்ட நல்விளைவை 1987இல் வெளியிட்டனர். 1991இல் வெளியான அவர்களது அடுத்த ஆய்வில் 146 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினர் அர்சோவையும் மறுபிரிவினர் மருந்துப்போலியையும், அதாவது மருந்துச் சரக்கு இல்லாமல் தோற்றத்தில் மட்டும் ஒத்திருக்கும் மாத்திரையையும், இரண்டு ஆண்டுகள் பெற்றனர். அர்சோ பெற்றவர்களின் நிலை தெளிவாக மேம்பட்டது. தொடர்ந்து கவனித்தபோது நோய் முற்றுவதும் கல்லீரல் மாற்று அறுவையின் தேவையும் தள்ளிப்போயின. 1997இல் அமெரிக்காவிலும் இந்நோய்க்கு அனுமதி கிடைத்தது. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 13 முதல் 15 மில்லிகிராம் என்பதே அன்று முதல் ஏற்கப்பட்ட அளவு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது நாளுக்கு 780 முதல் 900 மில்லிகிராம் வரை ஆகும்.

இம்மருந்து செயற்படும் முறைகள் பல. இந்த அளவில் தொடர்ந்து உட்கொண்டால், இயல்பாக 3 விழுக்காடாக இருந்த அர்சோ அமிலம் பித்தநீரின் பித்த அமிலங்களில் ஏறத்தாழப் பாதியாக உயர்ந்து, கடுமையான அமிலங்களின் பங்கைக் குறைக்கிறது. அமிலங்களைச் செல்லிலிருந்து பித்தநாளத்துக்குள் தள்ளும் கடத்திப் புரதங்களைச் செல்லின் உட்பகுதியிலிருந்து சவ்வுக்குக் கொண்டுவந்து பொருத்தச் செய்வதால், தேங்கிய பித்தம் நகர்கிறது. பித்தநாளச் செல்கள் பைகார்பனேட்டைச் சுரப்பதையும் அது ஊக்குவிக்கிறது. நாளத்தின் உட்சுவரை ஒட்டிக் காரத்தன்மையுள்ள மெல்லிய அடுக்கு படிவதால், பித்த அமிலங்கள் செல்லுக்குள் ஊடுருவுவது தடைபடுகிறது என்ற கருதுகோளுக்கும் ஆய்வாளரிடையே ஆதரவு உண்டு. நோயெதிர்ப்பு அமைப்பின் தவறான தாக்குதலை இவற்றுள் எதுவும் நிறுத்துவதில்லை. அத்தாக்குதலுக்குப் பின் பித்தம் செய்யும் இரண்டாம் சேதத்தையே அர்சோ தடுக்கிறது. நோய் குணமாகாமல் மெதுவாகிறது என்பதற்கும், வாழ்நாள் முழுவதும் மருந்து தேவைப்படுகிறது என்பதற்கும், மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கும் மேல் போதிய பலன் கிட்டுவதில்லை என்பதற்கும் இதுவே விளக்கம். அத்தகையோருக்காக 2016இல் அனுமதி பெற்ற ஒபெட்டிகோலிக் அமிலம் பாதுகாப்புக் காரணங்களால் பின்னடைவைச் சந்திக்க, 2024இல் எலாஃபிபிரனோர், செலடெல்பார் என்னும் இரு புதிய மருந்துகள் வந்துள்ளன. இவையும் பெரும்பாலும் அர்சோவுக்குத் துணையாகவே சேர்க்கப்படுகின்றன.

எல்லை மீறிய நம்பிக்கைகள்

ஒரு நோயில் பலித்த மருந்தை ஒத்த நோய்களிலும் முயல்வது இயல்பே. முதன்மை இறுக்கப் பித்தநாள அழற்சி என்னும் மற்றொரு நோயில் பெரிய பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்குகின்றன. வழக்கமான அளவில் அர்சோ இதில் பலன் தராததால், அமெரிக்க மருத்துவர் கீத் லிண்டோரின் குழு, ஒரு கிலோவுக்கு 28 முதல் 30 மில்லிகிராம் என்ற இருமடங்கு அளவை 150 நோயாளிகளிடம் சோதித்தது. 2009இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திகைக்கவைத்தது. மருந்து பெற்றவர்களின் கல்லீரல் நொதி அளவுகள் நன்றாகவே குறைந்தன. ஆனால் மரணம், மாற்று அறுவை, கல்லீரல் இறுக்கம் போன்ற கடும் விளைவுகளை அடையும் ஆபத்து மருந்துப்போலி பெற்றவர்களைவிட 2.3 மடங்காக இருந்தது. ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. மிகுதியான அர்சோ பெருங்குடலை அடைந்து, அங்கு பாக்டீரியாக்களால் லித்தோகோலிக் அமிலமாக மாறியிருக்கலாம் என்பது சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று. இரத்தப் பரிசோதனைத் தாளில் எண்கள் சீராவதும் நோயாளி நலமடைவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இப்பாடம் மிகவும் பொருந்துவது கொழுப்புக் கல்லீரல் நோய்க்கு. மது அருந்தாதோரின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து அழற்சியாகும் நிலையில், 166 நோயாளிகளிடம் இரண்டு ஆண்டுகள் நடத்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வு, வழக்கமான அளவிலான அர்சோ மருந்துப்போலியைவிட எவ்விதத்திலும் மேலானதல்ல எனக் காட்டியது. பன்னாட்டு வழிகாட்டு நெறிகளும் இந்நோய்க்கு அதைப் பரிந்துரைக்கவில்லை. இந்நோயின் வேர் பித்தத்தேக்கம் அன்று. உடல் எடை, சர்க்கரை, இன்சுலின் எதிர்ப்பு ஆகியவை. எனினும் இந்தியாவில் ஸ்கேன் அறிக்கையில் ‘கல்லீரலில் கொழுப்பு’ என்று வந்தவுடன், கல்லீரலுக்கு வலுவூட்டும் மாத்திரை என்ற எண்ணத்தோடு அர்சோ எழுதித்தரப்படுவது பரவலான வழக்கமாக இருக்கிறது.

கர்ப்ப காலத்தில் உள்ளங்கை, உள்ளங்கால்களில் கடும் அரிப்போடு தோன்றும் பித்தத்தேக்கத்தில், தாயின் இரத்தத்தில் பித்த அமிலம் மிகும்போது கருவுக்கு ஆபத்து கூடும். பிரிட்டனில் 605 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2019இல் வெளியான ஆய்வில், சிசு மரணம், குறைமாதப் பிறப்பு, பச்சிளங்குழந்தைச் சிறப்புப் பிரிவில் சேர்க்கை ஆகியவற்றின் கூட்டு விகிதம் அர்சோ பெற்ற பிரிவில் 23 விழுக்காடும் மருந்துப்போலிப் பிரிவில் 27 விழுக்காடும் ஆகும். இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவினதே. டாரினோடு பிணைந்த அர்சோவும் வேறொரு சேர்மமும் கலந்த கலவை, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய்க்கு 137 பேர் கொண்ட ஆய்வின் அடிப்படையில் 2022இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 664 பேர் கொண்ட அடுத்த ஆய்வு 2024இல் தோல்வியுற, நிறுவனமே அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

மதிப்பீடு

இவ்வெற்றி தோல்விகள் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. பித்தநீரின் சேர்க்கையோ ஓட்டமோ கெடுவதால் தீங்கு விளையும் இடங்களில், அதன் சேர்க்கையை மாற்றவல்ல அர்சோ உதவுகிறது. அந்த இடங்களிலும் அளவு தவறினால் தீங்கு நேர்கிறது. தீங்கின் ஊற்று வேறிடத்தில் இருக்கும் நோய்களில் அது பயன்படுவதில்லை. பக்கவிளைவுகள் குறைவு என்ற நற்பெயர், காரணம் ஆராயாமல் எழுதித்தரும் பழக்கத்துக்கு இடங்கொடுத்துவிட்டது என்பதே இம்மருந்தின் வரலாற்றிலுள்ள குறை.

முதன்மைப் பித்தநாள அழற்சிக்காக இதை உட்கொள்வோர், அரிப்பு தணிந்தது என்றோ நலமாக உணர்கிறோம் என்றோ தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஓராண்டுக்குப் பிறகு அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி, பிலிருபின் ஆகியவற்றின் இரத்த அளவுகளைக் கொண்டு பலனை மதிப்பிடச் செய்ய வேண்டும். அரிப்புக்காகக் கொலெஸ்டிரமின் தூளும் உட்கொள்வோர், அது குடலில் அர்சோவைப் பற்றிக்கொண்டு வீணாக்கும் என்பதால், இரண்டுக்கும் இடையே நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுவது அவசியம். கொழுப்புக் கல்லீரலுக்காக இதைப் பெற்றோர், எந்த நோயைக் கருதி இது தரப்படுகிறது என்று மருத்துவரிடம் கேட்டறிவதும், எடைக்குறைப்பையும் நடைப்பயிற்சியையும் மாத்திரைக்காகத் தள்ளிப்போடாதிருப்பதும் நலம்.